கந்தோர் வாசலில் நிற்பவருக்கு: வன்னியில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தருபவை

மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீட்டில் போய் அரச உதவி ஏதும் கிடைக்கிறதா என்று கேட்டால், வன்னியில் அநேகமாக இரண்டு பதில்தான் வரும். "மாசம் காசு வருது" அல்லது "இன்னும் வரேல்லை". அந்தக் காசு முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சட்டத்தில் அதற்கு மேலும் நிறைய இருக்கிறது. கேட்க வேண்டியது என்று தெரியாததால் கேட்காமலே போகும் வீடுகள் அதிகம்.

என் அண்ணருக்கு 2009 ஏப்ரலில் செல் விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அன்றிலிருந்து அவருடைய கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு திரிவது என் வேலையானது. பிறகு அயலில் உள்ளவர்களின் படிவங்களையும் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினேன். அந்த அலைச்சலில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரைச் சட்டம் மாற்றுத்திறனாளி என்று கொள்கிறது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கையில் இதற்கு அடிப்படை. உடலிலோ மனத்திலோ உள்ள குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவுக்கோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று அது சொல்கிறது. பிறப்பிலேயே வந்ததா, பிறகு வந்ததா என்ற வேறுபாடு இல்லை. 'ஓரளவுக்கோ' என்ற சொல்லை நான் பலருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. காரணம், எங்கள் பகுதியில் வெளியே தெரியாத காயங்கள் நிறைய. முதுகிலோ தலையிலோ செல் துண்டு இருக்கும். பார்ப்பதற்குத் திடகாத்திரமாகத் தெரிவார், அரை மணி நேரம் குனிந்து நாற்று நட முடியாது. மனநோயோடு வாழ்பவரும் இப்படித்தான். "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். அரச வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, அந்த அறிக்கையையும் வைத்துச் சான்றிதழ் கேளுங்கள்.

மாதக் கொடுப்பனவு

முன்பு இது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் கொடுப்பனவாக இருந்தது. 3,000 ரூபாவாக இருந்து 5,000 ஆனது. 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டம் தொடங்கியதும் நலன்புரி நன்மைகள் சபையின் கீழ் வந்தது. 2024இல் 7,500 ரூபா. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதை 10,000 ரூபாவாக்கியது. குடும்பத்துக்கு வரும் அஸ்வெசும வேறு, மாற்றுத்திறனாளிக்கான இந்தக் காசு வேறு. ஒன்று வருகிறது என்பதற்காக மற்றதைக் கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இது வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி. குறைபாடு இருந்தால் மட்டும் போதாது, வீட்டின் நிலைமையையும் பார்ப்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அடையாள அட்டை, அரச வைத்தியரின் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகள் தேவை. இந்தக் கட்டத்தில்தான் எங்கள் சனம் அதிகம் தடுக்கி விழுகிறது. இடப்பெயர்வில் பெட்டியோடு கடதாசியெல்லாம் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அது இல்லாததால் வங்கிக் கணக்கு இல்லை. இப்படியானால் கடைசிக் கடதாசிக்கு அலையாமல் முதல் கடதாசிக்குப் போங்கள். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதியில் கேட்கலாம். பதிவே இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்தும் இருந்தால் அதையும் முதலே சரி செய்துவிடுங்கள். ஓர் எழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் காசு தங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வைத்தியர் சான்றிதழ் எழுதும்போது, நோயின் பெயரோடு நிற்காமல் இவரால் என்ன செய்ய முடியாது என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு தூரம் நடக்க முடியும், எவ்வளவு நேரம் இருக்க முடியும், குளிக்க, உடுக்க ஆள் வேண்டுமா, இது நிரந்தரமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கந்தோரில் முடிவெடுப்பவர் வைத்தியர் அல்ல. அவருக்கு விளங்குவது இந்த வரிகள்தான். படுக்கையில் உள்ளவர் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கும்படி சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் கேட்கலாம், அது அவருடைய கடமைக்குள் வருவது. தானே காசெடுக்க முடியாதவருக்குப் பாதுகாவலர் யார் என்பதையும் விண்ணப்பிக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பெயர் வெட்டப்பட்டாலோ காசு நின்றாலோ மேன்முறையீடு உண்டு. நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி இலக்கம் 1924.

இதே மேசையில் வேறு உதவிகளையும் கேட்கலாம். சுயதொழில் உதவி, வீடு திருத்த உதவி, மருத்துவ உதவி, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி எல்லாம் சமூக சேவைகள் பக்கத்தால் வருபவை. நிதி வரும்போதுதான் கொடுப்பார்கள், ஆகவே பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் ஏறியதா என்று கேட்பதோடு நிற்காமல் எந்தத் திகதியில் ஏறியது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போரில் காயப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுக்கான அலுவலகம் என்று 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தனி அலுவலகமும் இருக்கிறது. அந்த விண்ணப்பம் வேறு.

வீடு, கிணறு, மலசலகூடம்

போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகளை நினைத்துப் பாருங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். அந்தக் காசுக்குள் சுவர் எழுப்பி ஓடு போடுவதே பெரும்பாடு. மாரி வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டினார்கள், அது சரியான முடிவுதான். ஆனால் முன்னால் மூன்று படி வந்துவிட்டது. மலசலகூடம் வளவின் பின்பக்கம், குந்தியிருக்கும் கோப்பை, இரண்டடிக் கதவு. சக்கர நாற்காலியில் இருப்பவர் சொந்த வீட்டுக்குள் வரவும் வெளியே போகவும் இரண்டு பேர் தூக்க வேண்டும். பெண் என்றால் இது இன்னும் கொடுமை. பகலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். வெளியே போக ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்படித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறுநீரகத்துக்கே ஆபத்தாகும்.

அதனால் வீடு திருத்த உதவிக்கு எழுதும்போது "வீடு திருத்த" என்று மட்டும் எழுதாதீர்கள். சாய்தளம், அகலக் கதவு, இருக்கைக் கோப்பை, பிடிகம்பி என்று தனித்தனியே எழுதுங்கள். சாய்தளத்துக்குக் கட்டிடக்காரர் கொள்ளும் அளவு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடி உயர அத்திவாரம் என்றால் பதினெட்டு அடி வேண்டும். முற்றத்தில் இடமில்லையென்று மேசன் நாலடியில் சறுக்குப் பாதை மாதிரிக் கட்டித் தந்தால் அதில் ஏறவும் முடியாது, இறங்கும்போது ஆள் குப்புற விழுவார். நேராக இடமில்லாவிட்டால் ஒருமுறை திரும்பிப் போகிற மாதிரிக் கட்டலாம்.

பொதுக் கட்டிடங்களில் இது கட்டாயமே. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மற்றவர்கள் போகக்கூடிய எந்தக் கட்டிடத்துக்கும் இடத்துக்கும் மாற்றுத்திறனாளி போவதைக் குறைபாட்டைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. 2006இல் அணுகும் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. கட்டிடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் அவை தொடுகின்றன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் சி. எஸ். பெரேரா என்பவர் தானே உயர் நீதிமன்றம் போனார். புதிதாகக் கட்டும் பொதுக் கட்டிடங்களில் இந்த வசதிகள் இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. இந்த ஆண்டை நினைவில் வைத்திருங்கள், ஏனென்றால் வன்னியில் இன்று நாம் ஏறி இறங்கும் பல கட்டிடங்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. வங்கி, பிரதேச செயலகம், வைத்தியசாலை, பாடசாலை எதுவானாலும் "நிதி இல்லை, பழைய கட்டிடம்" என்ற பதில் அவற்றுக்குப் பொருந்தாது.

செயற்கைக் காலும் சக்கர நாற்காலியும்

ஒரு கால் வாங்கினால் வாழ்நாள் முழுக்க வரும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார்கள். வராது. எஞ்சிய காலின் தசை மெலியும், அதைச் செருகும் கிண்ணம் தளரும், உரசிப் புண் வரும். வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. அங்கே செய்யும் கால்களின் பாதம் இறப்பரால் ஆனது, சப்பாத்து இல்லாமல் வயல் சேற்றிலும் நடக்கலாம். ஆனால் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு காலுக்கு அளவெடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை, திருத்த ஒருமுறை என்று போனால், கூலி வேலை செய்பவருக்கு அந்த நாட்களின் சம்பளமும் போகும், பஸ் காசும் போகும். போக முன் தொலைபேசியில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள், தங்குவதற்கு இடமுண்டா என்றும் கேளுங்கள்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாங்குளத்தில் உயிரிழை இருக்கிறது. அது பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்துகிற அமைப்பு. படுக்கைப் புண்ணைப் பற்றி அங்கே கேட்டால் அனுபவித்தவர் வாயால் விளக்கம் கிடைக்கும். சக்கர நாற்காலி கிடைத்தாலும் நல்ல மெத்தை இல்லாமல் அதில் நாள் முழுக்க இருப்பது ஆபத்து, உணர்வில்லாத இடத்தில் புண் வருவது தெரியாது. வைத்தியசாலைப் பளிங்குத் தரைக்குச் செய்த நாற்காலியின் முன் சில்லு எங்கள் மணலில் புதையும். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் வீதிக்கு உதவும். விண்ணப்பத்தில் இரண்டில் எது வேண்டும் என்பதைக் குறிப்பிடுங்கள்.

பாடசாலை, வேலை

5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். குறைபாட்டைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுப்பதை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 23ஆம் பிரிவு தடை செய்கிறது. "இவனைப் பார்க்க ஆளில்லை" என்று அதிபர் சொன்னால், அருகில் விசேட கல்விப் பிரிவு உள்ள பாடசாலை எது என்று வலயக் கல்விக் கந்தோரில் எழுத்தில் கேளுங்கள். கண், காது குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லம் உண்டு. பொதுப் பரீட்சைகளில் கூடுதல் நேரமும், எழுத முடியாதவருக்கு எழுத ஆளும் கேட்கலாம். அதை அதிபர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை நாளன்று கேட்டால் கிடைக்காது.

வேலையைப் பொறுத்தவரை, 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. தகைமை இருக்க வேண்டும், குறைபாடு அந்த வேலைக்குத் தடையாக இருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் இந்தச் சுற்றறிக்கையின் இலக்கத்தை எழுதுங்கள். பல நேர்முகத் தேர்வுகளில் யாரும் அதை எடுத்துச் சொல்வதே இல்லை. தனியார் நிறுவனங்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை, ஆனால் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அவர்களுக்கும்தான்.

வாக்களிப்பு

2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாக்களிக்கலாம். துணைக்கு வருபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்; வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. அதற்கான சான்றிதழை முன்னதாக எடுத்து வைக்க வேண்டும். வாகனத்தில் போக வேண்டியவர் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன் அனுமதி பெறலாம்.

மறுத்தால்?

வாயால் சொன்ன மறுப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. அப்புறம் நீங்களே சாட்சி, நீங்களே முறைப்பாட்டாளர். ஆகவே எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குப் பெரிய துணை. ஏன் என் பெயர் பட்டியலில் இல்லை, எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கண் தெரியாதவர், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வடக்கில் நிர்வாக மொழி தமிழ். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், தமிழில் தாருங்கள் என்று திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை.

பாகுபாடு நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. அடிப்படை உரிமை வழக்கு என்றால் நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை இருக்கும் காலம் கணக்கில் வராது. ஆகவே ஊரில் பேசித் தீர்க்கலாம் என்று இரண்டு மாதம் இழுக்காதீர்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண மேல் நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

போன மாதம் ஒரு கந்தோருக்கு அண்ணரோடு போனேன். ஐந்து படி, பிடிகம்பி இல்லை, மழை பெய்து ஈரம். அவர் கீழே நிற்க, நான் மேலே போய் அவருக்காகப் பேசினேன். "அவர் வராமல் ஒப்பம் எடுக்கேலாது" என்றார்கள். இருவரும் அன்றைக்கே வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் எழுதினோம்: இந்தக் கட்டிடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, சாய்தளத்துக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு, எப்போது கட்டப்படும். கடிதம் கிடைத்ததற்கான துண்டு அண்ணரின் பைலில் முதல் பக்கத்தில் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை பதினாலாவது வேலை நாள். பதிலை வாங்க அன்றைக்கு இருவரும் போகிறோம்.