வெண்கல நாயைக் கல்லுக்கு மாற்றுவது எப்படி?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1.05 மீட்டர் உயரப் பளிங்கு நாய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஜென்னிங்ஸ் நாய் என்பார்கள். தொலைந்துபோன கிரேக்க வெண்கலச் சிலை ஒன்றுக்கு கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானியர் செய்த பிரதி இது.

பிரதி எடுப்பது கண்ணளவு வேலையல்ல. வெண்கலத்தின்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் உரு வார்ப்பார்கள். அத்தகைய பிளாஸ்டர் துண்டுகள் நேப்பிள்ஸ் அருகே பையாவில் 1954-ல் கிடைத்தன. மூக்கு, தோள், முழங்கால் எனத் துருத்தும் இடங்களில் புள்ளி வைத்து, கவராயத்தாலும் தூக்குக்குண்டாலும் அளந்து கல்லுக்கு மாற்றுவார்கள். புள்ளி வந்த இடத்தில் சிறு குமிழை விட்டுவிட்டுச் சுற்றிலும் செதுக்குவார் சிற்பி. குமிழைக் கடைசியில்தான் சீவுவார். சீவாமல் விட்ட குமிழ்கள் சில ரோமானியச் சிலைகளில் இன்னமும் இருக்கின்றன.

அளவு சரியாக வந்துவிடும். எடைதான் சிக்கல். வெண்கலச் சிலை உள்ளே வெற்றுக் கூடு. சுவர் சில மில்லிமீட்டர்தான். பளிங்கோ முழுக்கல், கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். அழுத்தினால் நன்றாகத் தாங்கும். வளைத்தாலோ இழுத்தாலோ சட்டென்று ஒடியும். அதனால்தான் நிற்கும் குதிரை, மான், காளைச் சிலைகளின் வயிற்றுக்குக் கீழே ஒரு முட்டு, பெரும்பாலும் மரக்கட்டை வேஷத்தில் இருக்கும். வெண்கலத்தில் அது தேவைப்படாது. பளிங்கு விலங்கில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த முட்டுக்கட்டையைத்தான். உட்கார்ந்த நாய்க்கு இந்தத் தொல்லை குறைவு: பின்பகுதி நேரே பீடத்தில் அழுந்துகிறது, முன்னங்கால்கள் தூண்போல நிற்கின்றன.

காது, மூக்கு, வால் மூன்றும்தான் ஆபத்தான இடங்கள். உளியின் ஒவ்வொரு அடியும் மெல்லிய கல்லை அதிரவைக்கும் என்பதால் அங்கே அரமும் துளைக்கருவியும் ஏற்றவை. கழுத்து மயிர்போன்ற ஆழமான பள்ளங்களுக்கு வரிசையாகத் துளையிட்டு, நடுச்சுவர்களைத் தட்டி எடுப்பது வழக்கம். இந்த நாயின் வால் எப்போதோ ஒடிந்துவிட்டது. பண்டைய ஏதென்ஸின் அரசியல்வாதி அல்கிபியாடிஸ் தன் நாயின் வாலை வெட்டிய கதையோடு அதை முடிச்சுப் போட்டு, ‘அல்கிபியாடிஸின் நாய்’ என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்!

1750-களில் ஹென்றி ஜென்னிங்ஸ் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் இதை வாங்கியது, ரோமில் பழைய சிலைகளைச் செப்பனிட்டு விற்ற கவாசெப்பியிடம். அக்காலத்தில் உடைந்த துண்டுகளை இணைக்க இரும்புக் கம்பி செருகுவது சாதாரணம். ஈரம் புகுந்தால் இரும்பு துருப்பிடித்துப் பலமடங்கு பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். முதல் அறிகுறி, ஒட்டில் கசியும் பழுப்புக் கறை. அதைக் கண்டால் மெழுகு பூசி மறைக்கக் கூடாது. இணைப்பைப் பிரித்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மாற்ற வேண்டும்.