ஸ்கிராப் வண்டி போன பிறகு யார் பொறுப்பு?

தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கைக்குப் போனால் நான் முதலில் கேட்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை நடத்தக் கொடுக்கும் அனுமதியான இசைவாணையை அல்ல, வாசலில் செக்யூரிட்டி வைத்திருக்கும் கேட் பாஸ் புத்தகத்தை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முலாம் பூசும் ஆலையில் அந்தப் புத்தகத்தில் ‘பழைய டிரம் – 14’ என்று ஒரு வரி இருந்தது. பழைய இரும்புக் கடைக்கு விற்றிருக்கிறார்கள். விற்காத ஒன்று ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் நாலு விரல் கனத்துக்கு மஞ்சளும் பச்சையுமாகக் குரோமியச் சேறு.

“அது போயிடுச்சு சார், இனிமே அவங்க பாடு” என்றார் மேலாளர். அன்று மாலையே கடைக்குப் போனோம். ஒன்பது டிரம் இருந்தது. மீதி ஐந்தை வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். யாரென்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. இன்னும் அந்த ஐந்து டிரம் என் மனதைவிட்டுப் போகவில்லை.

ரசாயனம் படிந்த காலி டிரம்மும் அபாயகரமான கழிவுதான். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் அதைப் பட்டியலிலேயே வைத்திருக்கின்றன. அனுமதி பெற்றவரிடம் மட்டும்தான் கொடுக்கலாம், வண்டியோடு மேனிஃபெஸ்ட், அதாவது கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற சீட்டு, போக வேண்டும், பொதுவாக 90 நாளுக்கு மேல் ஆலையில் சேர்த்து வைக்கவும் கூடாது. தவறான கையாளுதலால் கேடு வந்தால் கழிவை உண்டாக்கியவரும் பதில் சொல்ல வேண்டும்.

சின்ன ஆலைக்காரர்கள் இதை அலட்சியப்படுத்தும்போதெல்லாம் கொடைக்கானலைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980களில் பெயர்த்துக் கொண்டுவந்து அந்த மலையில் வைத்தது பாண்ட்ஸ். 1987இல் யூனிலீவர் அந்த நிறுவனத்தை உலக அளவில் வாங்கியபோது, பாதரசம் கையாளும் இந்த ஆலையும் கூடவே வந்து சேர்ந்தது. பிரச்சினை வெடித்த இடம் ஆலை அல்ல, ஊருக்குள் இருந்த ஒரு பழைய சாமான் கிடங்கு. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த அந்தக் கிடங்கில், ஆலையிலிருந்து வந்த பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கிடந்தன. அந்த மாதமே உற்பத்தி நின்றது.

ஆலை நின்றதோடு முடிந்ததா? 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவும் பொருட்களும் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பின. முன்னாள் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணமில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. ஆனாலும் 2016இல் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது. உடல் நடுங்குகிறது, சிறுநீரகம் போனது என்று சொல்லிக்கொண்டே அவர்கள் காத்திருந்த 15 ஆண்டுகளை எந்தத் தொகையும் ஈடுசெய்யாது. மண் விஷயம் அதற்குப் பிறகும் தீரவில்லை. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலைக்காடு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது.

சட்டமும் சும்மா இல்லை. 1985இல் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற கந்தக அமில வாயு கசிந்தது. அந்த வழக்கில் மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது: அபாயகரமான தொழில் நடத்துபவர், எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நிறுவனம் எவ்வளவு பெரியதோ இழப்பீடும் அவ்வளவு பெரியது. இதே அடிப்படையில்தான் 2013இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டுக்கு 100 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது. இசைவாணையைப் புதுப்பிக்காமல் ஓட்டிய காலமும் அந்தக் கணக்கில் வந்தது.

அப்புறம், பழைய ஆலையையோ ஆலை இருந்த மனையையோ வாங்குபவர்களுக்கு. பத்திரத்தில் ‘முந்தைய பொறுப்பு விற்பவருடையது’ என்று எழுதிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உங்கள் இருவருக்குள் செல்லும், வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பது போலவே பழைய இசைவாணைகள், ஆண்டுதோறும் தாக்கல் செய்த கழிவுக் கணக்கு, மேனிஃபெஸ்ட் நகல்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். போர்வெல் தண்ணீரையும், ஷெட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணையும் அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்துப் பாருங்கள். முன்பக்க மண் வேண்டாம், அங்கே எல்லோரும் புல்தரை போட்டு வைத்திருப்பார்கள். அங்கே வேலை பார்த்த யாராவது பக்கத்து டீக்கடையில் இருப்பார். கழிவை எங்கே கொட்டினார்கள் என்று அவரிடம் கேளுங்கள், சொல்வார்.