பேகன்: பட்டிக்காட்டானா, அஞ்ஞானியா, பழஞ்சமயத்தாரா?

ரோமானிய வரலாற்றையோ கிறித்தவத் தொடக்க காலத்தையோ தமிழில் எழுதுபவர்களுக்கு கிறித்தவரல்லாத பழைய சமயத்தாரைக் குறிக்கும் 'பேகன்' (pagan) என்ற ஆங்கிலச் சொல் ஒரு தலைவலி. அப்படியே ஒலிபெயர்த்தால் மயிலுக்குப் போர்வை கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகன் வந்து நிற்கிறான். 'அஞ்ஞானி' என்று போட்டால் எழுதுபவரே ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார். 'உருவ வழிபாட்டாளர்', 'நாத்திகர்', 'இயற்கையை வணங்குவோர்' என்றெல்லாம் எழுதியிருப்பதையும் பார்க்கலாம். ஒன்றும் சரியில்லை. ஏன் சரியில்லை என்பது சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

மூலம் லத்தீன் 'பாகானுஸ்'. 'பாகுஸ்' என்பது எல்லை நட்டுப் பிரித்த நாட்டுப்புறப் பகுதி. 'நடு, பதி' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. அங்கே குடியிருப்பவன் பாகானுஸ். ஏளனம் கலந்து சொன்னால் நம் 'பட்டிக்காட்டான்'. பிறகு படைவீரர்கள் இதைத் தங்கள் கொச்சையில் எடுத்துக்கொண்டு, ராணுவத்தில் சேராத ஆளுக்கு வைத்தார்கள். கி.பி. 69இல் நடந்த உள்நாட்டுப் போரில், கலைக்கப்பட்டிருந்த பிரிடோரியன் காவற்படையினர் (பேரரசரின் மெய்க்காவலர்) மீண்டும் களத்தில் நிற்கிறார்கள். தளபதி அந்தோனியுஸ் பிரீமுஸ் அவர்களைப் பார்த்து, இப்போது வெல்லாவிட்டால் உங்களை எந்தப் பேரரசன் சேர்த்துக்கொள்வான் என்று கேட்கிறார். கேட்கும்போது அவர்களை 'பாகானி' என்று விளித்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். வீரனைப் பார்த்து 'நீ வீரனே இல்லை' என்று சொல்லும் குத்தல் அது. சாமி, சமயம் எதுவும் அதில் இல்லை.

சமயப் பொருள் 4ஆம் நூற்றாண்டில்தான் பிடிக்கிறது. பேரரசின் சட்டங்களில் இச்சொல் 370 வாக்கில் தலைகாட்டுகிறது. எப்படி இந்தத் தாவல் நடந்தது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. கிறித்தவம் நகரங்களில் பரவியது, கிராமத்தார் பழைய தெய்வங்களை விடவில்லை, அதனால் பட்டிக்காட்டான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவ எழுத்தாளர் ஒரோசியுஸ் தந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பழைய சமயத்துக்காக உரக்கப் பேசியவர்கள் ரோம் நகரத்துப் பெருங்குடியினர். செனட் மண்டபத்திலிருந்த வெற்றித் தேவதையின் பலிபீடத்தை 382இல் பேரரசர் கிராசியன் அகற்றியபோது, அதைத் திருப்பி வைக்கக் கோரி 384இல் மனு எழுதிய சிம்மாக்குஸ் ரோம் நகரின் ஆட்சித் தலைவர். அவரைப் பட்டிக்காட்டான் என்று யார் சொல்வது? ஞானஸ்நானம் பெற்றவர் கிறிஸ்துவின் படைவீரர், பெறாதவர் படையில் சேராதவர் என்ற ராணுவ விளக்கமும் உண்டு. கிராமம், படை இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நம் கூட்டத்தில் சேராதவன். இந்த மூன்றாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கிரேக்க மொழி பேசிய கிழக்கில் வேறு சொல். அங்கே கிறித்தவர்கள் மற்றவர்களை 'ஹெல்லேனெஸ்', அதாவது கிரேக்கர் என்றார்கள். அதனால் பைசாந்தியக் (கிழக்கு ரோமானியப் பேரரசின்) கிரேக்கர்கள் தங்களைக் கிரேக்கர் என்று சொல்லக் கூசி, 'ரோமானியர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். ரஷ்ய மொழியிலோ இதே லத்தீன் சொல் 'பகானி' ஆகி, அருவருப்பானது, கேடுகெட்டது என்ற வசவாகவே நின்றுவிட்டது.

ஆக, பேகன் ஒரு சமயத்தின் பெயர் அல்ல. இந்தப் பெயருக்குள் அடைக்கப்பட்டவர்களிடம் பொதுவான கொள்கை எதுவும் இருக்கவில்லை. மறுமையை எடுத்துக்கொள்வோம். ரோமானியக் குடும்பங்கள் பிப்ரவரி 13 முதல் 21 வரை 'பரெந்தாலியா' நாட்களில் கல்லறைக்குப் போய் முன்னோருக்குப் படையல் வைத்தன. கல்லறைக் கற்களில் 'பித்ருக்களுக்கு' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைப் பொறித்தன. கிரேக்கத்தின் எலூசிஸில் மறைச் சடங்குகளில் தீட்சை பெற்றவர்கள் இறப்புக்குப் பின் நல்ல நிலை கிடைக்கும் என்று நம்பினார்கள். கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் வழியினருக்கு உடலோடு எல்லாம் முடிந்தது. 'நான் இருக்கவில்லை, இருந்தேன், இல்லை, கவலையும் இல்லை' என்ற வாசகம் கல்லறைகளில் அவ்வளவு சாதாரணம். முதலெழுத்துகளை மட்டும் வெட்டினாலே படிப்பவருக்குப் புரியும்.

பேகன் என்றால் பாலியல் கட்டுப்பாடு இல்லாதவர் என்ற எண்ணமும் இப்படித்தான் உடைகிறது. ரோமின் வெஸ்டா கோயில் கன்னியர் 30 ஆண்டு விரதம் காத்தார்கள். மீறியவரை உயிரோடு நிலவறையில் புதைத்தார்கள். பிறர்மனை சேர்வதைக் குற்றமாக்கி கி.மு. 18 வாக்கில் சட்டம் போட்டவர் அகஸ்டஸ். பால் ஈர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரே குரல் கிடையாது. பிளாட்டோவின் 'விருந்து' உரையாடலில் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் ஒரு கதை சொல்கிறார். ஆதி மனிதருக்கு நான்கு கை, நான்கு கால், இரண்டு முகம். ஆண்-ஆண், பெண்-பெண், ஆண்-பெண் என மூன்று வகை. ஜீயஸ் அவர்களை இரண்டாகப் பிளந்தார். ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடுகிறது. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்புவதற்கு அதில் இயல்பான இடம் இருக்கிறது. அதே பிளாட்டோவின் 'சட்டங்கள்' நூலில் பேசுபவரோ ஒருபால் உறவை இயற்கைக்கு மாறானது என்கிறார்.

இனி தமிழ். 'அஞ்ஞானி' சைவர்களின் சொந்தச் சொல். ஆணவ மலத்தால் அறிவு மறைந்த நிலை அஞ்ஞானம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ ஊழியர் சீகன்பால்கு அதை எடுத்து, அந்தச் சைவர்கள் மேலேயே திருப்பினார். 1713இல் அங்கே அச்சான அவருடைய சிறு நூல் ஒன்று 'அக்கியானம்' எவ்வளவு வெறுக்கத்தக்கது என்று பேசுகிறது. பழைய தமிழ் பைபிளில் மத்தேயு 6:7 'அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்கிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியம் அந்த இடத்தில் 'பிற இனத்தவர்' என்று மாற்றிக்கொண்டது. கிரேக்க மூலத்துக்கு அதுவே நெருக்கம்.

எனவே யார் வாயிலிருந்து சொல் வருகிறது என்று பார்த்துத் தமிழைத் தேர வேண்டும். 4ஆம் நூற்றாண்டுக் கிறித்தவர் திட்டுகிறார் என்றால் மேற்கோளுக்குள் 'அஞ்ஞானிகள்' இருக்கலாம். காரம் குறையக் கூடாது. வரலாற்றாசிரியர் தன் குரலில் எழுதினால் 'பழஞ்சமயத்தார்'. அதைவிட நல்லது, எந்தச் சமயம் என்று பெயர் சொல்லிவிடுவது: ரோமானியத் தெய்வ வழிபாடு, மித்ரா வழிபாடு, லித்துவேனியரின் பழைய சமயம். 'உருவ வழிபாடு' வேண்டாம். ரோமானியரே 170 ஆண்டுகளுக்கு மேல் சிலையில்லாமல் வணங்கினார்கள் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ சொல்லியிருக்கிறார். 'நாத்திகர்' நேர் எதிர். அந்த வசவை ரோமானியர்தான் கிறித்தவர்கள் மேல் வீசினார்கள். 'பலதெய்வ வழிபாடு' தெய்வங்களின் எண்ணிக்கையைச் சொல்லும், அவ்வளவுதான். 'நாட்டார் வழிபாடு' என்பது ஆசைகாட்டும் சொல், பாகுஸ் கிராமம்தானே என்று. ஆனால் அது சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் உரிய துறைச்சொல், சிம்மாக்குஸுக்குப் பொருந்தாது.

ஓர் இடத்தில் மட்டும் ஒலிபெயர்ப்புதான் வழி. பிரிட்டனில் சூனியச் சட்டம் 1951இல் நீங்கியபின் வெளியே வந்த விக்கா (சூனியக்கலையைச் சமயமாகக் கொண்ட இயக்கம்) குழுக்கள் போல, இன்று சிலர் தாமாகவே இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கிறார்கள். அவர்களைப் 'பழஞ்சமயத்தார்' என்றால் தவறு. அவர்களுடைய அமைப்புகள் 20ஆம் நூற்றாண்டில் பிறந்தவை. ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கி இவர்களைப் பழையவர்களிடமிருந்து பிரிப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து இல்லை. 'நவபேகனியர்' என்று முன்னொட்டுச் சேர்த்து எழுதினால் குழப்பம் தீரும். பழனி மலைக்காரப் பேகனும் நடுவில் வரமாட்டான்.