பிடிஎஃப்புக்குள் ஒரு துண்டு மென்பொருள்

ஹட்டனில் வீட்டிலிருந்தபடியே அழைப்பிதழ் வடிவமைக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, நான் இங்க்ஸ்கேப்பிலயும் கிம்ப்பிலயும்தான் வேலை செய்றேன். காமன் கூத்து நோட்டீஸ், கல்யாண கார்ட் எல்லாமே அதிலதான். இலவச மென்பொருள்ல செஞ்சத காசுக்கு விற்கக் கூடாது, யார் கேட்டாலும் டிசைனைக் கொடுத்திடணும்னு அச்சகத்தில சொல்றாங்க. உண்மையா?"

உண்மையில்லை தங்கச்சி. தாராளமாக விற்கலாம். டிசைன் கோப்பை யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி செய்த கொல்லன் கொழுந்தில் பங்கு கேட்பதில்லை.

நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் நூல், கட்டுரை போன்ற ஒரு படைப்பாகவே பாதுகாக்கிறது. நிரலைப் பிரதியெடுக்க, மாற்ற, பிறருக்கு வழங்க எழுதியவரின் அனுமதி வேண்டும். படம் திருத்தும் கிம்ப், வரையும் இங்க்ஸ்கேப், அனிமேஷன் செய்யும் பிளெண்டர் போன்றவற்றில் அந்த அனுமதியைத் தருவது ஜிபிஎல் எனப்படும் பொது உரிமம். 1991 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலேயே விடை இருக்கிறது: மென்பொருளை இயக்குவதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அதிலிருந்து வெளிவரும் பொருளின் உள்ளடக்கம் அந்த மென்பொருளைத் தழுவிய படைப்பாக இருந்தால் மட்டுமே உரிமம் அதற்கும் பொருந்தும். 2007 இல் வந்த மூன்றாம் பதிப்பும் இதையேதான் சொல்கிறது. 2025 இல் ஆஸ்கர் வென்ற லாத்விய அனிமேஷன் படம் பிளெண்டரில்தான் உருவானது. அந்தப் படம் அதை எடுத்தவர்களுக்கே சொந்தம்.

அந்த விதியில் 'உள்ளடக்கம்' என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, எனக்குப் பிடித்த இடம் அதுதான். எந்தக் கருவியால் செய்தாய் என்று உரிமம் கேட்பதில்லை. செய்த பொருளுக்குள் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறது.

க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் பைசன் என்று ஒரு கருவி உண்டு. ஒரு நிரல்மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அந்த மொழியைப் படித்துப் பகுக்கும் நிரலை சி என்ற நிரல்மொழியில் அதுவே எழுதித் தரும். அப்படி வரும் கோப்பில் நம் விதிகளிலிருந்து பிறந்த அட்டவணைகள் இருக்கும். அவற்றை ஓட்டும் பெரிய செயற்கூறு ஒன்றும் இருக்கும்; அது பைசனை எழுதியவர்கள் எழுதியபடியே வந்து ஒட்டிக்கொண்டது. அவர்கள் எழுதிய பகுதி ஜிபிஎல் என்பதால், அதைச் சேர்த்துக் கட்டிய மென்பொருளை மூலநிரலைத் தராத மூடிய மென்பொருளாக வெளியிட முடியாமல் இருந்தது. 1.24 ஆம் பதிப்பில்தான் இதற்கென விதிவிலக்கு எழுதிச் சேர்த்தார்கள். நாம் எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பியும், தன்னோடு வரும் ஆயத்த நிரல் துண்டுகளை நம் நிரலுக்குள் வைக்கிறது. அதற்கும் தனி விதிவிலக்கு உண்டு.

அழைப்பிதழிலும் இதே சங்கதி நடக்கிறது, எழுத்துரு வழியாக.

எழுத்துரு வெறும் படத் தொகுப்பு அல்ல. ஒவ்வொரு வடிவமும் எந்தப் புள்ளியில் தொடங்கி எப்படி வளைய வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ட்ரூடைப் வகை எழுத்துருக்களில், சிறிய அளவிலும் வடிவம் சிதையாமல் திரையில் விழுவதற்கான கட்டளைகள்கூட இருக்கலாம். கணினி அவற்றை நிஜமாகவே ஒரு குட்டி நிரலாக ஓட்டுகிறது. தமிழுக்கு இன்னும் வேலை அதிகம். 'கொழுந்து' என்று தட்டினால் 'கொ'வின் குறியை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும். 'ழு', 'து' இரண்டுக்கும் தனித்தனி வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். இந்த மாற்றீட்டு அட்டவணைகளை ஒருவர் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் செய்திருக்கிறார்.

இங்க்ஸ்கேப் டிசைனைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பில் சாதாரணமாக எழுத்துருவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அச்சகத்துக்கு பிடிஎஃப் ஆக்கும்போது நாம் பயன்படுத்திய எழுத்துகளின் வடிவங்கள் மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு அந்தக் கோப்புக்குள்ளேயே போய் உட்காருகின்றன. பிடிஎஃப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். சில செயலிகளில் பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் தெரியும். முழு எழுத்துரு அல்ல, அதன் ஒரு துண்டுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கான முத்திரை அது. ஆக, வேறொருவர் எழுதிய மென்பொருளின் ஒரு துண்டு கல்யாண கார்டோடு சேர்ந்தே அச்சகத்துக்குப் போகிறது!

அப்படியானால் கார்டும் எழுத்துருவின் உரிமத்துக்குள் வந்துவிடுமா? இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே உரிமம் எழுதியவர்கள் விடை வைத்திருக்கிறார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் வெளிவருவது எஸ்ஐஎல் என்ற அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமத்தில். எழுத்துரு இதே உரிமத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, எழுத்துருவைக் கொண்டு உருவாக்கிய ஆவணத்துக்குப் பொருந்தாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. ஜிபிஎல்லில் வெளியான க்னூ ஃபிரீஃபாண்டிலும் அதே வேலையைச் செய்யும் விதிவிலக்கு உண்டு. எழுத்துருவை மட்டும் தனியாக விற்பதைத்தான் எஸ்ஐஎல் உரிமம் தடுக்கிறது.

நம் அச்சகங்கள் பல இன்னும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்கின்றன. யுனிகோடில் அழகான, தடித்த, தலைப்புக்கு எடுப்பான தமிழ் எழுத்துருக்கள் போதவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். பொதுப்பணத்தில் செய்யப்படும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் திறந்த உரிமத்தில்தான் வெளிவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையர்கள் எழுதிய சஹானா பேரிடர் மென்பொருள் திறந்த நிரலாக இருந்ததால்தான் அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் கைகொடுக்க முடிந்தது. இலவசமாகக் கிடைப்பதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்ற பயத்தில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் திருட்டுப் பிரதிகளில் வரையக் கற்றுக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

மென்பொருளை விட கவனமாக இருக்க வேண்டியது படங்களில். எல்ல பக்கம் ஒரு தங்குமிடத்துக்குத் துண்டுப்பிரசுரம் செய்யும்போது விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தை எடுத்தால், அந்தப் படத்துக்கென்று ஓர் உரிமம் இருக்கும். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றான சிசி பிஒய்-எஸ்ஏ என்றால் எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும். படத்தைத் திருத்தி வெளியிட்டால் அந்தத் திருத்திய படத்தையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும்.

நாளைக்கே இங்க்ஸ்கேப்பின் மூலநிரலையே திருத்தி, 'மலையக அழைப்பிதழ் பதிப்பு' என்று மற்றக் கடைகளுக்கு விற்க நினைத்தால் கதை வேறு. அதையும் விற்கலாம். ஆனால் வாங்கியவருக்குத் திருத்திய மூலநிரலும், அதை அவர் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் சேர்ந்தே போக வேண்டும்.