மலைநாட்டுப் பறப்பில் வானிலைத் தகவலின் பயனும் எல்லையும்

இரத்மலானையிலிருந்து ஹட்டன், நுவரெலியாப் பக்கம் சிறு விமானங்களில் செல்லப் பழகும் இளம் விமானிகளிடம் ஒரு நம்பிக்கையை நான் அடிக்கடி காண்கிறேன். வழியில் இடிமுகில் இருந்தால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்லியிருப்பார், அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே வழி தெளிவாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். பயிற்சியாளன் என்ற முறையில் எனக்கு இதைவிடக் கவலை தரும் எண்ணம் வேறில்லை.

கட்டுப்பாட்டாளரின் முதற்பணி விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் காப்பதாகும். அவருடைய திரையில் தெரிவது பெரும்பாலும், ராடார் விடுக்கும் கேள்விக்கு நமது விமானத்திலுள்ள டிரான்ஸ்பொண்டர் என்ற வானொலிக் கருவி அனுப்பும் பதில்தான். அவ்வகை ராடாருக்கு மழை தெரிவதே இல்லை. விமான நிலைய வானிலை அவதானிப்பான மெட்டார், இடிமுகில் போன்ற ஆபத்துகள் பற்றி வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் சிக்மெட் எச்சரிக்கை, சற்றுமுன் அதே வழியில் பறந்த விமானி வானொலியில் சொன்ன செய்தி ஆகியவற்றைக் கொண்டே அவர் நமக்கு வானிலை சொல்கிறார். எனவே ஒரு தகவல் கிடைத்ததும் அது எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பார்க்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும்.

மெட்டாரில் வரும் முகிலின் உயரம், அந்த விமான நிலையத்தின் தரையிலிருந்து அளக்கப்பட்டது. இரத்மலானையோ கடல்மட்டத்தை ஒட்டிய இடம். அங்கே முகிலின் அடிமட்டம் 2,500 அடி என்றால் கரையோரத்தில் தாராளமாகப் பறக்கலாம். ஆனால் ஹட்டன் அருகேயுள்ள காசல்ரீ நீர்த்தேக்கமே 3,500 அடியளவில் இருக்கிறது, நுவரெலியா நகரம் 6,000 அடியைத் தாண்டியது. கரையில் நல்ல வானிலையாக அறிவிக்கப்படும் அதே முகில், கினிகத்தேனையைத் தாண்டி ஏறும் பஸ் சாரதிக்குப் பகலிலும் விளக்கைப் போடவைக்கும் பனிமூட்டமாகிவிடும். சிக்மெட்டின் குறை வேறு. அது பரந்த பரப்புக்கு, மணிக்கணக்கில் செல்லுபடியாகும் வகையில் எழுதப்படுவது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் கொத்மலைப் பள்ளத்தாக்கில் எழும் ஓர் இடிமுகில் ஒரு மணி நேரத்துக்குள் திரண்டு, கொட்டி, கலைந்துவிடக்கூடும்.

தென்மேற்குப் பருவக்காற்றின்போது நிலைமை தலைகீழ். மஸ்கெலியாவில் அடைமழை பெய்ய, மலைமுகட்டைக் கடந்த ஊவாப் பக்கத்தில் கச்சான் காற்று வீசி வானம் வெளுத்திருக்கும். முகில் இல்லை என்ற செய்தி அங்கே உண்மையாகவே இருக்கும். ஆயினும் ஹப்புத்தளை முகட்டின் மறைவில் இறங்கும் காற்று சிறு விமானத்தைக் கீழே அமுக்குவதை எந்த மெட்டாரும் சொல்லாது.

இவ்வளவும் சொல்வதால் கட்டுப்பாட்டாளரின் தகவலை நான் குறைத்து மதிப்பதாகக் கொள்ள வேண்டாம். அவர் தருவனவற்றுள் மலைநாட்டு விமானிக்கு மிகவும் பயன்படுவது, மாணவர்கள் காதில் வாங்காமலே திருப்பிச் சொல்லிவிடும் கியூ.என்.எச். அழுத்த அளவுதான்; உயரமானி கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்ட அதில் வைக்க வேண்டிய காற்றழுத்தம் அது. நமது வெப்பமண்டலத்தில் புயலே இல்லாத நாளிலும் காலை 10 மணியளவில் உச்சத்தில் இருக்கும் காற்றழுத்தம் மாலை 4 மணிக்குள் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி எனக் கணக்கிட்டால், காலையில் வைத்த அளவோடு மாலையில் திரும்புபவர் உயரமானி காட்டுவதைவிடச் சுமார் 100 அடி தாழ்வாகப் பறக்கிறார். முகிலுக்கும் முகட்டுக்கும் இடையே சில நூறு அடிகளே எஞ்சியிருக்கும் கணவாயில் அந்த 100 அடி பெரிது.

முகிலைச் சுற்றிச் செல்ல அனுமதி கேட்டால், வேறு விமானம் குறுக்கே இல்லாதவிடத்து அவர் அனுமதிப்பார். கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்தே வழியறிந்து பறக்கும் நமக்கு, திரும்பும் திசையில் மலை உண்டா என்று பார்ப்பது அப்போதும் நமது பொறுப்பே. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்கவை நோக்கி இறங்கிய மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். விமானக் குழுவினர் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றும், அத்தவறு விமானத்திலிருந்த டொப்ளர் என்னும் வழிகாட்டிக் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதால் நேர்ந்தது என்றும் விசாரணை கண்டது. மழையைக் காட்டும் கருவியிலிருந்து இடத்தைப் படிக்கும் சபலம் இன்றைய கைக்கணினித் திரைகளிலும் உண்டு.

புறப்படுமுன் இறங்குமிடத்தில் உள்ளவரை அழைத்து, “மழையா?” என்று கேட்காமல், “எதிர்மலைத் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை தெரிகிறதா?” என்று கேளுங்கள். முதற்கேள்விக்குப் பெரும்பாலும் “இல்லை, பரவாயில்லை” என்றே பதில் வரும். இரண்டாவதற்குத் தூரமும் உயரமும் தெரிந்த பதில் வரும்.

வானில் கண்டதைத் திருப்பிச் சொல்வதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். “கினிகத்தேனைக்கு மேற்கே, 3,000 அடியில், முகில் சரிவைத் தொடுகிறது, 15 மணி 10 நிமிடம், திரும்புகிறேன்” என்ற ஒரே செய்தி, பத்து நிமிடம் பின்னால் வருபவருக்கு அன்றைய மெட்டார் அனைத்தையும்விடப் பெறுமதியானது. திரும்பி வருவதைத் தோல்வியாக எண்ணிச் சிலர் வாய்திறப்பதில்லை. அவர்கள் சொல்லாததைக் கட்டுப்பாட்டாளர் அடுத்தவருக்கு எங்கிருந்து எடுத்துச் சொல்வார்? திரும்பிய இடம், நேரம், உங்கள் உயரம், முகிலின் அடிமட்டம் ஆகிய நான்கையும் சொல்லிவிட்டே அலைவரிசையை மாற்றுங்கள்.