ரவுட்டர் தானாக விழுந்து எழும்புகிறதா? நேரத்தைக் குறித்து வையுங்கள்

பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி வீட்டு ரவுட்டராக வைத்திருப்பவர்கள், அது தானாக மறுதொடக்கம் ஆகிறது என்று அழைத்தால், நான் முதலில் கேட்பது: எத்தனை மணிக்கு? பலரிடம் பதில் இருப்பதில்லை. அதற்குள் மென்பொருளை அழித்து மீள நிறுவியிருப்பார்கள்; தடயமும் அதோடு போய்விடும்.

மறுதொடக்கத்துக்கு முன் ரவுட்டர் எழுதிவைத்த நிகழ்வுப் பதிவில் (log) கடைசி வரிகளைப் பாருங்கள். சேவைகள், அதாவது பின்னணியில் ஓடும் நிரல்கள், ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டிருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், கட்டளை கொடுத்திருக்கிறது. வரிகள் திடீரென அறுந்திருந்தால் மின்சாரம், சூடு, வன்பொருள், கேர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஆகியவற்றில் ஒன்று காரணம். ரவுட்டர்களுக்கென்றே உள்ள லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) தன் பதிவை வழக்கமாகத் தற்காலிக நினைவகத்திலேயே வைத்திருக்கும். மறுதொடக்கத்தோடு அது அழிந்துவிடும். ஆகவே வீட்டிலுள்ள வேறொரு கணினிக்கு அனுப்பிச் சேமியுங்கள்.

வன்னியில் நான் முதலில் சந்தேகிப்பது மின்சாரத்தைத்தான். மின்மாற்றிக்குத் தொலைவில், நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு 230 வோல்ட் எப்போதும் முழுதாக வந்து சேர்வதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நீர் மோட்டார் போடும் கணத்தில் அழுத்தம் சரியும். மின்குமிழ் ஒருமுறை மங்கித் தெளிவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நல்ல அடப்டர் அந்தச் சரிவைத் தாங்கும். உள்ளே மின்தேக்கி வறண்டுபோனது தாங்காது. தகரக் கூரையின் கீழ், கோடை வெக்கையில் மின்தேக்கிகள் விரைவாகவே வறண்டுவிடுகின்றன. ரவுட்டரைக் கூரையோரத்திலிருந்து இறக்கி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 12 வோல்ட்டில் இயங்கும் சாதனமானால், பற்றரியுள்ள சிறு யுபிஎஸ் ஒன்றே பெரும்பாலும் போதும். ஆனால் அது இடிமின்னலைத் தடுக்காது. ஐப்பசி இடிமழைக்கு மின்பிளக்கையும் வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பியையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் நடந்தால், நேரம் குறித்த பணிகளையும் தானியங்கி மேம்படுத்தலையும் பாருங்கள். தன் கணினிக்கு என்று நினைத்து ரவுட்டரின் திரையில் மறுதொடக்கக் கட்டளையைத் தட்டிவிடுவதும் நடக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ‘மொலி கார்ட்’ (molly-guard) மென்பொருள் பொதியை நிறுவினால், தொலைவிலிருந்து கட்டளை தரும்போது சாதனத்தின் பெயரைக் கேட்டு உறுதிசெய்யும். சிறுவர் கை படும் பவர் பொத்தானையும், கொன்ட்ரோல்-ஓல்ட்-டிலீட் சேர்க்கையையும் லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி (systemd) அமைப்பில் செயலிழக்கச் செய்யலாம். பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் மட்டும் அணைந்தே தீரும்.

ஒன்றை மாத்திரம் நிறுத்த வேண்டாம். கேர்னல் முடங்கினால் சில நொடிகளில் மறுதொடக்கம் ஆகும்படி ஓப்பன்டபிள்யூஆர்டியில் ஏற்கெனவே அமைத்திருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டில் இணைப்பை மீட்டுத் தருவது அதுதான்.