குளத்துக்குள் வேலி போட்டால் எந்தக் கந்தோருக்குப் போவது?

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு சின்னக் குளம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆவணியில் தண்ணீர் வற்றி, குளம் நிறையும்போது தண்ணீர் பரவி நிற்கும் விளிம்பான அலைகரை வெளித்துக் கிடந்த நேரம், ஒருவர் நாலு இழை முள்ளுக்கம்பி இழுத்து உள்ளே தென்னம்பிள்ளை நட்டுவிட்டார். எனக்கு மாமா முறையான கமக்காரர் ஒருவர் முறையிடப் போனார். முதல் கந்தோரில், "ஐயா, இது எங்கட குளமில்லை" என்றார்கள். அடுத்த இடத்தில், "காணிப் பிரச்சினை எண்டால் பிரதேச செயலகத்துக்குப் போங்கோ." அங்கே போனால், "குளமெண்டால் கமநலம்தான் பார்க்கவேணும்." ஐந்து வாரம் அலைந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது வேலிக்குள் மலசலகூடக் குழியும் வெட்டியாகிவிட்டது.

சட்டத்தில் குறைவில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குளத்தையும் கட்டையும் வாய்க்காலையும் அடைப்பதை, பிடிப்பதை, சேதமாக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அரச காணியை அனுமதியில்லாமல் பிடித்தவரை எழுப்ப 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குளம் கட்டிய மன்னன் என்று குளக்கோட்டன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற மாவட்டத்தில் குளங்கள் சுருங்குவது இவை தெரியாததால் மட்டும் இல்லை. எந்த மேசையில், என்ன காகிதத்தோடு நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில், குளம் யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். பொதுவான கணக்கு இதுதான்: குளத்துத் தண்ணீர் பாயும் வயல் 200 ஏக்கருக்கு, அதாவது 80 ஹெக்டேருக்கு உட்பட்டிருந்தால் அது சிறிய குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கும். அதற்கு மேலே போனால் நீர்ப்பாசனத் திணைக்களம், மத்தியினுடையதோ மாகாணத்தினுடையதோ. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 200 ஏக்கர் என்பது பாயும் வயலின் அளவு. குளம் எவ்வளவு பெரிதாய்த் தெரிகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. "பெரிய குளம்தானே" என்று நீர்ப்பாசனத்துக்குப் போய், அரை நாள் வாங்கில் இருந்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டவிதானையிடம் வயல் கணக்கைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

வாயால் முறையிடாதீர்கள். வாய்முறைப்பாடு நீங்கள் படலை தாண்டுமுன் மறைந்துவிடும். கடிதத்தை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெறப்பட்டது" என்று எழுதித் திகதியும் கையொப்பமும் கந்தோர் முத்திரையும் வாங்குங்கள். "வைச்சிட்டுப் போங்கோ, பாக்கிறம்" என்றால் முத்திரை விழும்வரை நகராதீர்கள். தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் போட்டுச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கமநல சேவை நிலையம், பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, யார் யாருக்குப் பிரதி என்று அடியில் எழுதுங்கள். பிறகு ஒருவரைக் காட்டி மற்றவர் தப்புவது கடினம். தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் தமிழில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்த பொறி கமக்காரர் அமைப்பு. கடிதம் அமைப்பின் பெயரில் போனால் மதிப்புக் கூட. ஆனால் எத்தனையோ ஊரில் பொதுக்கூட்டம் கூடி வருடக்கணக்காகிவிட்டது, தலைவர் வெளிநாட்டில், முத்திரை யாருடைய வீட்டிலோ. கந்தோரில் முதல் கேள்வியே "அமைப்பு இயங்குதா?" என்பதுதான். இல்லையென்றால் கோப்பு அங்கேயே மூடப்படும். குளத்துக்கு ஆபத்து வருமுன் கூட்டத்தைக் கூட்டிக் கணக்கைச் சரிசெய்து வையுங்கள். காணியில்லாதவர்கள், குளத்தில் மீன் பிடிப்பவர்கள், மாடு தண்ணிக்கு விடுபவர்கள் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. பிரஜை என்ற முறையில் தகவல் அறியும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. குளத்தின் நில அளவைப் படத்தின் பிரதியைக் கேளுங்கள். அலைகரைக்குள் யாருக்காவது அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டதா, உங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மௌனம் காத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. ஆறு மாதம் தூங்கிய கோப்பு ஒரு தகவல் விண்ணப்பத்தோடு மேசைக்கு வந்ததை நேரே பார்த்திருக்கிறேன்.

வேலி போட்டவர் மின்சாரப் பட்டியலைக் காட்டுவார், "பத்து வருசமா இருக்கிறன்" என்பார். மிரளாதீர்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதவான் முன்னால் எடுபடுவது அரசு கொடுத்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம் மட்டும்தான். மின்சாரப் பட்டியல் அதில் சேராது. ஆனால் அந்த வழக்கை நீங்கள் போட முடியாது. பிரதேச செயலாளர் போன்ற தகுதிவாய்ந்த அதிகாரிதான் வெளியேறும் அறிவித்தல் கொடுத்து நீதிமன்றம் போகவேண்டும். அதனால் கடிதத்தில் "நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதாமல், "வெளியேறும் அறிவித்தல் கொடுக்கவும்" என்றே எழுதுங்கள்.

வேலியைவிட எனக்குப் பயம் தருவது இலவசம். "குளத்தை ஆழப்படுத்தித் தாறன், காசு வேண்டாம், மண்ணை மட்டும் எடுக்கிறன்" என்று பெக்கோ என்கிற மண்வெட்டும் இயந்திரத்தோடு ஒருவர் வருவார். ஊரும் சந்தோசப்படும். அவர் எடுப்பது வண்டலை இல்லை, விற்கக்கூடிய மணலையும் கிரவலையும். தோண்டத் தோண்ட அடியிலுள்ள களிப்படை உடையும். மாரியில் நிறைந்த குளம் தைப்பொங்கலுக்குள் உறிஞ்சிப் போகும். மண் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். குளம் எந்தத் திணைக்களத்துடையதோ அதன் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இரண்டையும் கண்ணால் காணாமல் அமைப்பின் தலைவர் எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது. பிடிபடும் நாளில் அந்தக் கையெழுத்துத்தான் மாட்டும். நல்லெண்ணத்தில் சிரமதானம் செய்து டிராக்டரில் மண் ஏற்றும் இளைஞருக்கும் இதே விதிதான்.

டிப்பரைக் குளக்கட்டில் ஏற விடாதீர்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டின் மேலே பாரவாகனங்கள் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

யுத்தத்தில் கைவிட்டுக் காடு மூடிய குளமென்றால், வெட்டித் துப்புரவாக்குமுன் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கத்தியை வைத்துவிட்டு முதலில் கமநலத்தின் ஊடாகக் கடிதம்.

மார்கழி தையில் குளம் நிறைந்து வான் பாயும்போது, தண்ணீர் எந்த மரம்வரை நிற்கிறது என்று திகதி விழும்படி படம் எடுத்து வையுங்கள். ஆவணியில் குளம் வெறும் தரையாய்க் கிடக்கும்போது அலைகரை எதுவரை என்று காட்ட அந்தப் படம் உதவும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு அதை எடுத்துப்போய், வேலிப் பிரச்சினையைக் கூட்டக் குறிப்பில் எழுதவைத்து, குறிப்பின் பிரதியையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாமா இந்த வருடம் இரண்டும் செய்திருக்கிறார். வெளியேறும் அறிவித்தல் கேட்ட கடிதம் முத்திரையோடு அவர் கையில் இருக்கிறது.